பெயர் எழுதிய பெட்டி

லாஸ்பேட்டை விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பட்டை ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி நின்ற அறுபது எழுபது பேரில் கரீமின் பெட்டி வந்ததைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. கண் தவறியிருந்தாலும் மூக்கு சொல்லியிருக்கும்.

சந்தன நிறத்தில் பெரிய கான்வாஸ் பெட்டி. அதன் அகலப் பக்கத்தில் 'மு. கா. கரீம், புதுச்சேரி' என்று சாண் உயரத்துக்குக் கறுப்புச் சாயத்தில் எழுதியிருந்தது. மேலே தமிழில், கீழே பிரெஞ்சில். எழுத்துக்குக் கீழே பாதிப் பெட்டி கருஞ்சிவப்பாக ஊறிப்போய், வந்த வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது. வைன் வாடை கூடம் முழுக்கப் பரவியது.

கரீமுக்கு அது தன் பெட்டி என்று மனம் ஒப்பவில்லை. அறுபத்தெட்டு வயதில், பாரீசிலிருந்து பெங்களூருக்கு ஒரு ராத்திரிப் பயணம். அங்கே பெட்டியை வாங்கி, மறுபடி ஒப்படைத்து, ஐந்து மணி நேரம் இரும்பு நாற்காலியில் காத்திருப்பு. அதன் பிறகு இந்தச் சின்ன விமானத்தில் முழங்கால் இடிக்க வந்து இறங்கியிருந்தார். கண்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்து அவர் கையால் எழுதியது. அதில் சந்தேகப்பட இடமே இல்லை.

பெட்டியில் பெயர் எழுதுவது அவர்கள் வீட்டு வழக்கம். அவருடைய பாட்டனார் சைகோனுக்குத் துணி ஏற்றிய காலத்தில், கப்பலுக்குப் போகிற ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையால் பெயர் எழுதுவார். நம் பெயரைத் தாங்க முடியாத பெட்டி நம் வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கரீமும் அந்தச் சட்டத்தை விடவில்லை. மகன் ஹாதியைப் பார்க்கப் பாரீசுக்குக் கிளம்பும் முன் மொட்டைமாடியில் உட்கார்ந்து, அளவுகோல் வைத்து, எழுத்துக்கு எழுத்து சாயம் காயவிட்டு எழுதினார். அங்கே அதைப் பார்த்துவிட்டு ஹாதி, எல்லாரும் கைப்பிடியில் ஒரு ரிப்பன் கட்டுவதோடு சரி அத்தா என்று சிரித்தான். ரிப்பன் கட்டுகிறவன் கட்டிக்கொள்ளட்டும் என்றிருந்தார் கரீம்.

இப்போது அந்தப் பெயர் ஊரார் கண்முன்னே சாராயக்கடைப் பலகைபோலச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

நான்கு தலைமுறையாக அவர்கள் வீட்டில் மதுவைத் தொட்டவர் கிடையாது. குடிக்கிறவனுக்கு மட்டுமல்ல, சுமக்கிறவனுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு என்று ஓதி வளர்ந்தவர் கரீம். பெரிய மார்க்கெட் பக்கத்தில் துணிக்கடை வைக்க இடம் பார்த்தபோது, கூப்பிடு தூரத்தில் மதுக்கடை இருக்கிற கட்டடம் வேண்டாம் என்று மூன்று வருஷம் அலைந்தார். இந்த ஊரில் அப்படி ஓர் இடம் தேடுவது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

முதல் சுற்றில் அவர் பெட்டியை எடுக்கவில்லை. கை எழவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. சுமலதா என்று பெயர்ச்சீட்டு கட்டிய அவருடைய பெட்டியிலும் சிவப்பு ஏறியிருந்தது. உள்ளே மகளின் வளைகாப்புக்கு வாங்கிய பட்டுப்புடவைகள்.

"யாரு பெட்டிங்க அது? இவ்ளோ பெரிசா பேரெழுதத் தெரிஞ்சவருக்கு வந்து எடுக்கத் தெரியலையா?" என்றவர், பக்கத்தில் நின்றவரிடம், "பாண்டிச்சேரிக்கு வைன் கொண்டாந்திருக்காரு பாருங்க. உப்பு வெளையிற மரக்காணத்துக்கே உப்பு ஏத்துன கதையா" என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். கரீம் முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னே போய்ப் பெட்டியைத் தூக்கி வைத்தார். உள்ளங்கை சிவந்தது. துடைக்கக் கைக்குட்டையை எடுத்து, அதையும் கெடுப்பானேன் என்று திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

விமானக் கம்பெனியின் சாமான் மேஜையில் பூவிழி என்ற பெண் இருந்தாள். மரியாதையான பெண்தான். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றாள்.

மனைவி கனீஸ் பாத்திமாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வை, மகள் நூரீனுக்கு வாங்கிய கோட்டு, அவருடைய நாலு வெள்ளைச் சட்டைகள் எல்லாமே நனைந்திருந்தன. தொழுகை விரிப்பையும் விடவில்லை. கரீம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, மேஜையின் மறுகோடியில் தனியாக வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொதி. பூவிழி நூலை அறுத்தாள். இரண்டு பாட்டில்கள். ஒன்று நொறுங்கிக் கிடந்தது. மற்றது ஒரு கீறல்கூட இல்லாமல், மாப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது.

அந்தப் பொதி வந்த வழி அவருக்கு உடனே நினைவு வந்தது.

அவர் கடையில் முப்பத்தைந்து வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் தவளக்குப்பத்துக் கன்னியப்பன். அவர் மகன் அன்பழகன் இப்போது பாரீசில், ஹாதி இருக்கும் கட்டடத்திலேயே இருக்கிறான். கிளம்பும் அன்று காலையில் அவன் வந்து, அப்பாவின் முழங்கால் வலிக்குத் தைலம், கண்ணாடி பாட்டில், பார்த்து வையுங்கள் பெரியவரே என்று பொதியைக் கொடுத்தான். ஹாதி பிரித்துப் பார்க்கலாமே என்றான். கரீம் ஒப்பவில்லை. ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள் அமானிதம். கட்டியபடி வாங்கி, கட்டியபடி சேர்க்க வேண்டும். அவர் அத்தா காலத்தில் சைகோனிலிருந்து ஊரார் கொடுத்தனுப்பிய நகைப்பொட்டலங்கள் எத்தனையோ வந்தன. ஒரு முடிச்சை அவிழ்த்தோம் என்ற பேச்சு வந்ததில்லை. தன் கையாலேயே பெட்டியின் அடியில் வைத்தார். பெங்களூர் சுங்கத்தில் பெட்டியைக் கருவிக்குள் விட்டுப் பார்த்த அதிகாரி, போங்க ஐயா என்று சிரித்தபடி கை காட்டினார். வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று கரீம் நினைத்துக்கொண்டார். அதை இப்போது பூவிழியிடமும் சொன்னார்.

"மரியாதை இல்ல சார், ரூல்" என்றாள் பூவிழி. ஒரு பயணிக்கு இரண்டு லிட்டர் வரை உண்டாம். இரண்டு பாட்டில் சேர்ந்தால் ஒன்றரை லிட்டர்தான். யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். "இதுல தப்பே இல்ல சார். உங்க உரிமை."

அவளுடைய ஆறுதல் அந்தப் பெண்மணியின் கேலியைவிட மோசமாகச் சுட்டது. வைன் அவருடைய உரிமையாம்.

அவள் ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். மற்றவர்களின் சாமான் கெட்டுப்போனதால் அதை எழுதியே ஆக வேண்டும். அப்போதுதான் கம்பெனி செலவில் அவர்களுக்குச் சலவை செய்து தர முடியும். ஒழுகிய பொருள் என்ன, எத்தனை, யாருடையது என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் இரண்டே வழி: சொந்தப் பொருள், அல்லது பிறர் கொடுத்தது.

கரீம் பேனாவைத் திறந்தார். உண்மையை எழுதிவிட்டுப் போவதில் என்ன இருக்கிறது? பிறர் கொடுத்தது என்று எழுதப் போனவரைப் பூவிழி தடுத்தாள்.

"அது வேணாம் சார். அப்படி எழுதுனா வெளிய இருக்கிற போலீஸ் பூத்துக்குப் போவும். குடுத்தவர் யாரு, இங்க வாங்குறவர் யாரு, எல்லாரையும் விசாரிப்பாங்க. பிரிச்சுப் பாக்காம ஒருத்தரோட பொருளை விமானத்துல ஏத்துறது இதவிடப் பெரிய தப்பு."

அமானிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்றார் கரீம். அந்த வார்த்தையையும் வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கெஞ்சினாள். சொந்தம் என்று ஒரு கோடு போட்டால் இரண்டு நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

கரீமுக்கு ரத்தம் தலைக்கேறியது. என்ன நியாயம் இது? உண்மை சொன்னால் போலீஸ், பொய் சொன்னால் வீடு. பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் முன்னால் அவர் போட்ட கையெழுத்து எதையும் இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அந்தக் கையெழுத்தை வைனுக்குச் சொந்தக்காரன் என்று ஒரு தாளில் போடுவதா? மாலைத் தொழுகைக்குள் சேதி மார்க்கெட்டுக்குப் போய்விடும். பள்ளிவாசலில் தோளுக்குத் தோள் நிற்கிறவர்கள் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பார்களே, அதைத்தான் தாங்க முடியாது.

வெளியே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் நின்றிருந்தார். முதலாளி வருகிறார் என்று காரோடு தானே வந்துவிட்டிருந்தார். பயணிகளைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கரீம் கைப்பேசியில் கூப்பிட்டார். இருவரும் பத்தடி தூரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள்.

கரீம் முழு பாட்டிலைச் சுட்டிக் காட்டினார். கன்னியப்பன் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது. அப்படியே போனை வைத்துவிட்டு மகனை அழைத்தார். அவர் தலை மேலும் கீழும் ஆடுவதும், நெற்றியில் அடித்துக்கொள்வதும் ஊமைக்கூத்தாகத் தெரிந்தது. பிறகு மறுபடி கரீமுக்குக் கூப்பிட்டார். இந்த மாசம் அவருக்கு எழுபது முடிகிறது. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. தவளக்குப்பம் ஜங்ஷனில் வாங்கி ஊற்றிக்கொள்கிற மட்டச் சரக்கை விட்டு, ஒருநாளாவது அப்பா நல்லதாக ஒரு வாய் குடிக்கட்டும் என்று அனுப்பினானாம். தைலம் என்று சொன்னால்தான் பெரியவர் வாங்குவார் என்று சொன்னானாம்.

கன்னியப்பன் சாயங்காலத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்வார் என்பது கரீமுக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும். தெரியும் என்பது கன்னியப்பனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை ஒரு நாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்றைக்கு அந்த மரியாதையும் உடைந்தது.

"என் பேரை எழுதிடுங்க மொதலாளி. எனக்கென்னா, புதுசாவா கெடப் போவுது? போலீசு ரெண்டு நாள் உக்கார வைப்பான், உக்காந்துட்டுப் போறேன்."

கரீம் போனை அணைத்தார். எழுபது வயதுக்காரனை, தன் கடையின் கணக்கைத் தன்னைவிட ஒழுங்காகப் பார்த்தவனை, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் போலீஸ் பூத் பெஞ்சில் உட்கார வைப்பதா? அதுவும் முடியாது. இதுவும் முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

அப்போதுதான் பூவிழி, நனைந்த சாமான்காரர்களில் இன்னொருவரையும் மேஜைக்கு அழைத்தாள். தோள்பையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தவனைப் பார்த்ததும் கரீமின் முகம் இறுகியது. முஆஸ்.

புதுச்சேரியிலேயே உப்பளம் பகுதிப் பையன். ஊரில் ஒரு பிரெஞ்சுக்காரர் நடத்தும் விடுதியில் மேலாளர். போன வருஷம் அவனுக்கும் நூரீனுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்து, நாள் குறிக்க இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடியிருந்தார்கள். பயிற்சிக்குப் பிரான்சு போய்த் திரும்பிய அவன் பெட்டியில் வைன் பாட்டில் இருந்ததைச் சென்னை விமான நிலையத்தில் பார்த்த ஒருவர், அதைக் கரீம் காதில் போட்டிருந்தார். கரீம் சபையில் வைத்தே கேட்டார். முஆஸ் மறைக்கவில்லை. இருந்தது, ஆனால் தன்னுடையது இல்லை, விடுதிக்காரருக்காக எடுத்து வந்தது என்றான். அவரிடம் கடிதம் வாங்கி வந்திருந்தான். கரீம் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "பெட்டி உன்னுது. பேரு உன்னுது. உள்ள இருந்ததும் உன்னுதுதான்." எழுந்து உள்ளே போய்விட்டார். தகப்பன் இல்லாத பையன். அவன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றிலிருந்து நூரீன் அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

அந்த வாக்கியத்தைக் கரீம் பல இடங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அது திரும்பி வரும் என்று தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார்.

பூவிழி முஆஸிடம் புகார் உண்டா என்று கேட்டாள். அவன் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான், உடைந்த பாட்டிலைப் பார்த்தான், ஸலாம் சொன்னான்.

"எனக்குப் புகாரெல்லாம் இல்லைங்க. மாமுவ எனக்குத் தெரியும். அவர் பெட்டியில இது இருந்துச்சுன்னா வேற யாராச்சும் குடுத்ததாத்தான் இருக்கும். ஊர்ல யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க."

குத்தலாகச் சொல்கிறானா என்று கரீம் அவன் முகத்தைத் துழாவினார். அங்கே குத்தல் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவரும் இரண்டு வார்த்தை சுடச்சுடச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். இந்தப் பையன் அதற்கும் வழி வைக்கவில்லை. இதே பேச்சை அவன் சொன்னபோது கடிதம் இருந்தும் இவர் ஏற்கவில்லை. இவருக்கு, வாயைத் திறக்கும் முன்பே அவன் சாட்சி சொல்கிறான். அன்பழகன் மேல் எரிச்சல், இந்தப் படிவத்தின் மேல் எரிச்சல், பட்டுப்புடவைக்காரி மேல் எரிச்சல். எல்லாவற்றையும்விட, இவனுடைய இந்த நல்ல குணத்தின் மேல் வந்த எரிச்சல்தான் பெரிதாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் இன்னும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பெட்டியின் மூடி சாய்ந்து நின்றது. அதில் மு. கா. கரீம் என்ற எழுத்தின் கால்களில் சிவப்பு ஏறியிருந்தது.

"எழுதும்மா" என்றார் கரீம். "சொந்தப் பொருள்."

பூவிழி நிமிர்ந்து பார்த்தாள். தானே சொன்ன வழிதான் என்றாலும் அவளுக்குச் சங்கடமாக இருந்தது போலும். நிஜமாகவே எழுதட்டுமா என்று கேட்டாள்.

கரீம் அவளைப் பார்க்கவில்லை. முஆஸைப் பார்த்து, கூடத்தில் மிச்சமிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெட்டி என்னுது. பேரு என்னுது. உள்ள இருந்ததும் என்னுதுதான்."

முஆஸ் தலையைக் குனிந்துகொண்டான். பட்டுப்புடவைப் பெண்மணி, இப்பவாச்சும் ஒத்துக்கிட்டாரே என்று யாரிடமோ சொல்வது கேட்டது. கரீம் படிவத்தை இழுத்து, நொத்தேர் முன்னால் போடுகிற அதே நீண்ட பிரெஞ்சுக் கையெழுத்தை, ஒரு சுழிகூடக் குறையாமல் போட்டார். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. தாளை முஆஸ் பக்கம் திருப்பி வைத்தார். அவன் ஒரு நிமிஷம் தயங்கி, வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"அம்மா ஊர்லதானே இருக்காங்க?"

"இருக்காங்க மாமு."

"சாயங்காலம் நான் வர்றேன்னு சொல்லு."

முஆஸ் பேனாவை மூடி மேஜையில் வைத்தான்.

"வாங்க மாமு. வர வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா அம்மா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு உங்க வீட்டுப் படியெறங்குனதுல இருந்து அவங்க அந்தத் தெருப்பக்கமே வர்றதில்ல. எங்க வீட்டுக்கும் ஒரு பேரு இருக்குதில்ல?"

பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். கரீமிடம் இந்த மாதிரி யாரும் பேசியதில்லை. பேசியவனிடம் கோபித்துக்கொள்ள முடியாமல் நின்றதும் இதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும் கன்னியப்பன் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். பூவிழி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த முழு பாட்டிலைக் கரீம் விரல் நுனியில் பிடித்து வந்திருந்தார். அதை நீட்டினார். கன்னியப்பன் தொடவில்லை. இந்தச் சாக்கடையிலேயே ஊற்றிவிடுகிறேன் என்றார்.

"ஊத்து, குடி, ஒன் இஷ்டம். குடுத்தனுப்புனதச் சேத்துட்டேன். ஒம் மகன்கிட்ட மட்டும் சொல்லி வை. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் எங்கிட்ட ஒரு கடுதாசிகூடக் குடுத்தனுப்பக் கூடாது."

கன்னியப்பன் பையை வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கடைசியில் தன் செருப்புக்குப் பக்கத்தில் முன்னிருக்கையின் அடியில் வைத்தார். பெட்டி பின்னால் ஏறியது. கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டும் வாடை போகவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கன்னியப்பன் திரும்பாமலே கேட்டார், அந்தப் பெயரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாமா என்று.

"தொடாத" என்றார் கரீம்.

கைப்பேசி அடித்தது. கனீஸ் பாத்திமா. விமானம் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிறதே, சோறு ஆறுகிறது என்றாள். குளிக்க வெந்நீர் போடு, நிறையப் போடு, இந்தத் துணியோடு நான் வீட்டுக்குள் நடக்க முடியாது என்றார் கரீம். ஏன் என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றார். குளித்துத் தொழுதுவிட்டு உப்பளம் போக வேண்டும், நீயும் கிளம்பி இரு என்றார்.

மறுமுனையில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. உப்பளத்தில் அவர்கள் போக வேண்டிய வீடு ஒன்றே ஒன்றுதான்.

"அவங்க பேசுவாங்களான்னு தெரியல" என்றார் கரீம். "கதவத் தெறந்தாலே பெரிசு. நூரீன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்காத."

வண்டி சிக்னலில் நின்றது. பக்கத்து ஸ்கூட்டரில் இருந்தவன் மூக்கை உறிஞ்சி, காருக்குள் எட்டிப் பார்த்தான். கரீம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இல்ல, இரு" என்றார் போனில். "சொல்லிடு."